உள்ளறையும் இடது காதுகளும்

போன மாதம் ரம்யா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து சொல்லும் வேலை.

“அக்கா, நம்ம ரூமை எடுக்கப் போறாக. பழைய கட்டடத்தை ஹோட்டலுக்குக் குடுத்தாச்சு. ஆஸ்பத்திரி பைபாஸ்ல புதுக் கட்டடத்துக்குப் போகுது. அங்க நமக்குத் தனி ரூம் கிடையாதாம். ஒரு டேப்லெட்டு, ஒரு ஹெட்போன், ஓ.பி. வரிசையிலயே வச்சுப் பாத்துக்கலாம்னு சொல்லிட்டாக. தனி ரூம் ஏன் வேணும்னு அரைப் பக்கம் எழுதிக் குடுத்தா கமிட்டில வைக்கிறாகளாம். நீங்க எழுதித் தாங்கக்கா.”

அரைப் பக்கம் எழுத உட்கார்ந்தேன். ‘சோதனைக்கு அமைதி தேவை’ என்று முதல் வரி எழுதினேன். அதற்கு அவர்களிடம் பதில் தயாராக இருக்கும்: புதிய ஹெட்போன் வெளிச் சத்தத்தை அடைத்துவிடும். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஓரளவு அடைக்கும். ஆனால் பக்கத்தில் நிற்கும் புருஷனை எந்த ஹெட்போனும் அடைக்காது. அதை எழுதப் போனால் அரைப் பக்கம் போதாது. எனவே முழுவதையும் எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன். பொறுமையாக எழுதச் சொல்கிறவர்கள் என் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மதுரையில் பயிற்சி எடுத்தேன். ஒலி என்றால் என்ன, காது எப்படி வேலை செய்கிறது, இயந்திரத்தை எப்படிச் சரிபார்ப்பது என்பவற்றைக் கற்றுக்கொண்டேன். திருமணமாகிப் பள்ளத்தூருக்கு வந்தேன். பக்கத்தில் இருந்த அறக்கட்டளை மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தேன். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஐம்பத்தெட்டு வயதில் அதே அறையிலிருந்து விடைபெற்றேன். எனக்கு மாலை போட்டவர்கள் ‘அமைதியானவர், ஒழுங்கானவர்’ என்றார்கள். ஒழுங்கு உண்மைதான். அமைதி, வேலை எனக்குப் போட்ட வேஷம்.

மருத்துவமனை இருந்தது பழைய செட்டியார் வீடு ஒன்றில். முகப்பில் மருந்துக் கவுன்ட்டர், வளவில், அதாவது நடு முற்றத்தில், நோயாளிகள் உட்காரும் பெஞ்சுகள். வளவைச் சுற்றி, கல்யாணமான மகன்களுக்கென்று கட்டிய இரட்டை அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிரிவு. மேற்கு மூலை எனக்கு. வெளியறையில் நானும் காதை அளக்கும் ஆடியோமீட்டரும், உள்ளறையில் நோயாளி. கனத்த சுவர், தேக்குக் கதவு. உள்ளே சுவர் முழுக்கக் கம்பளமும் பஞ்சுப் பலகையும் அடித்திருந்தோம். இரண்டு அறைக்கும் நடுவில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல். ஒரு காலத்தில் மகனும் மருமகளும் தனியாகப் பேசிக்கொள்ள அந்தப் பெரிய வீட்டில் இருந்த ஒரே இடம் அதுதான். என் காலத்தில் மருமகள்கள் மட்டும் வந்து உட்கார்ந்தார்கள்.

சோதனை எளிது. நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டுவோம். சிவப்பு வலது, நீலம் இடது. கையில் ஒரு பட்டன். ‘பீப்’ என்று கேட்டால், எவ்வளவு மெல்லக் கேட்டாலும், அமுக்க வேண்டும். அமுக்கினால் என் மேசையில் விளக்கு எரியும். கேட்டால் ஒலியைப் பத்து டெசிபல் குறைப்பேன், கேட்காவிட்டால் ஐந்து கூட்டுவேன். அப்படி ஏறி இறங்கி, அந்தக் காது தொடும் கடைசி மெல்லிய ஒலி எது என்று கண்டுபிடிப்பேன். என் கை அசைவைப் பார்த்து ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக, நோயாளியின் நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போடுவது முறை. உள்ளே ஒரு மைக் உண்டு. அங்கே பேசினால் என் ஹெட்போனில் மட்டும் கேட்கும். என் மேசையிலும் ஒரு மைக், அதில் நான் பேசினால் நோயாளிக்கு மட்டும் கேட்கும். அந்த அறைக்குள் நோயாளியைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. கூட ஆள் இருந்தால் “இப்பக் கேட்டுச்சுல்ல, அமுக்கு” என்று தோளில் இடித்துக் கணக்கைக் கெடுத்துவிடுவார்கள்.

எந்தப் புருஷனும் இந்த விதியோடு சண்டை போட முடியாது. மருத்துவரின் அறையில் அவன் இருப்பான். எக்ஸ்ரே வாசலில் இருப்பான். ஊசி போடும் இடத்திலும் திரைக்கு அந்தப் பக்கம் அவன் கால் தெரியும். என் உள்ளறைக்கு மட்டும் அவனால் வர முடியாது. வளவில் நின்று, என் வெளிக்கதவின் கண்ணாடிச் சதுரத்தில் நெற்றியை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒன்றைக் கவனித்தேன். திடீரென்று காது கேட்கவில்லை என்று வரும் இளம் பெண்களில் பலருக்கு இடது காதுதான் பிரச்சினை. நோய்க்கு இடது வலது தெரியாது. எதிரில் நிற்பவனின் வலது கைக்குத் தெரியும்.

இன்னொன்றையும் கவனித்தேன். ஹெட்போனை மாட்டிவிடக் கையை உயர்த்தினால் சிலர் தலையை வெடுக்கென்று ஒதுக்கிக்கொள்வார்கள். கண் மூடிக்கொள்ளும், தோள் காதுவரை ஏறும். உடனே வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். “ஒண்ணுமில்லக்கா, பழக்கம்” என்றாள் ஒரு பெண். பழக்கமாம். அன்று முதல் யாருக்கும் நான் ஹெட்போனை மாட்டிவிட்டதில்லை. கையில் கொடுத்து, “நீங்களே மாட்டுங்க” என்பேன்.

காரணம் கேட்டால் வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம். பட்ஸ் குத்திவிட்டது. பசு மாடு தலையை ஆட்டியது. பிள்ளை விளையாட்டாகத் தட்டினான். குழாயடியில் வழுக்கிவிட்டது. வழுக்கி விழுந்த பெண்ணுக்கு முழங்காலிலோ முழங்கையிலோ ஒரு சிராய்ப்புகூட இருக்காது. காது ஜவ்வு மட்டும் கிழிந்திருக்கும்.

ஜவ்வு சேதமில்லாத பெண்களும் வருவார்கள். அளந்து பார்த்தால் கேட்கும் திறன் சரியாக இருக்கும். ஆனால் காதுக்குள் இரைச்சல், தலை சுற்றல், தூக்கமில்லை, பின்னால் பாத்திரம் விழுந்தால் உடம்பெல்லாம் நடுக்கம் என்பார்கள். “நார்மல்” என்று அட்டையில் எழுதி அனுப்புவோம். ‘ஒண்ணுமே இல்லியாம், நடிக்கிறா’ என்று அந்த அட்டையையே வீட்டில் வீசுவார்கள்.

எல்லாவற்றையும்விட என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது எண்ணெய். அடி பட்ட காதை வீட்டில் சும்மா விட மாட்டார்கள். நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் ஊற்றுவார்கள். சில வீட்டில் மாமியார் ஊற்றுவார், சில வீட்டில் பெற்ற தாயே ஊற்றுவார். பாசமாகத்தான் ஊற்றுகிறார்கள். அடியில் கிழிந்த ஜவ்வு பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். அதற்கு ஒரே நிபந்தனை, காது காய்ந்திருக்க வேண்டும். தண்ணீர் கூடாது, எண்ணெய் கூடவே கூடாது. ஊற்றிய எண்ணெய் ஓட்டை வழியாக உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும். வலி பொறுக்க முடியாமல் எங்களிடம் வரும்போது ‘காதில் சீழ்’ என்றுதான் வருவார்கள். சீட்டிலும் அதுவே ஏறும். அடித்தவன் கை எண்ணெயில் கழுவப்பட்டுவிடும்.

இப்போது எங்கள் பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காது மூக்கு தொண்டைப் பிரிவின் தலைவர். கெட்டவர் என்று எழுதினால் எனக்கு வேலை சுலபமாகிவிடும். அவர் அப்படி இல்லை. மார்கழியில் காதுக்குள் வைக்கும் சின்ன உலோகப் புனலைத் தன் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிய பிறகுதான் நோயாளியின் காதில் வைப்பார். பெண்களை ‘தாயி’ என்றுதான் கூப்பிடுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவி, துண்டால் விரல் விரலாகத் துடைத்து, பிறகே அடுத்த டோக்கன். அடிபட்ட ஜவ்வு எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். “ஓரம் பிஞ்ச துணி மாதிரி இருக்கும்மா, ரத்தப் பொட்டு ஒட்டியிருக்கும். நாள்பட்ட சீழ்ல ஓரம் வழுவழுன்னு ஆயிரும். ஒரு தடவை பாத்தா மறக்காது.”

அவருக்கு ஒரு பழக்கம். பெண் நோயாளி ஸ்டூலில் உட்கார்ந்ததும், நெற்றிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, அவளுடைய காதைப் பார்த்தபடியே, நிற்கும் ஆணிடம் கேட்பார்: “சொல்லுங்க, என்ன ஆச்சு?” அவன் சொல்லுவான், அவர் எழுதுவார். காது அவளுடையது, கதை அவனுடையது. இப்படியே வருஷங்கள் ஓடின.

நடுவில் சிவகங்கையில் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. வீட்டில் அடிபட்டு வரும் பெண்ணுக்குச் சிகிச்சை தருவதோடு, இதற்கென்று அரசு வைத்திருக்கும் பாதுகாப்பு அலுவலர் யார், சட்டத்தில் அவளுக்கு என்ன உதவி உண்டு என்று சொல்வதும் மருத்துவமனையின் கடமை என்றார்கள். கூட வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டுப் பேச வேண்டும் என்றும் சொன்னார்கள். சுவரொட்டி ஒன்றும் கொடுத்தனுப்பினார்கள். அதை எங்கள் ஆட்கள் எங்கே ஒட்டினார்கள் தெரியுமா? வளவில், புருஷன்மார் உட்காரும் பெஞ்சுக்கு மேலே. அதற்குக் கீழே உட்கார்ந்து எந்தப் பெண் அதைப் படிப்பாள்?

நான் என் வழியில் செய்தேன். சோதனை முடிந்ததும் கதவைத் திறப்பதற்கு முன், மைக்கில் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: “இந்தக் காதுல யாரு கை பட்டுச்சு?” முதலில் ஒரு பெண் பதில் சொல்லவே பயந்தாள். வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்றாள். “பட்டனை அமுக்கி அமுக்கி விட்டுக்கிட்டே பேசுங்க” என்றேன். விளக்கு எரிந்து எரிந்து அணையும். கண்ணாடிச் சதுரத்தில் நெற்றியை ஒட்டியிருப்பவனுக்கு அவள் முதுகும், பட்டன் பிடித்த கையும், என் மேசையின் விளக்கும்தான் தெரியும். சோதனை இன்னும் நடக்கிறது என்று நினைத்துக்கொள்வான். அதன் பிறகு அதுவே எங்கள் முறையாயிற்று. சிலர் உதவி கேட்டார்கள், அலுவலரின் எண்ணைச் சொன்னேன். பலர் அழுதுவிட்டு, முகம் துடைத்துக்கொண்டு, அவன் பின்னாலேயே போனார்கள். அது அவர்கள் முடிவு. அதில் எனக்குக் கோபம் இல்லை. நாங்கள் எழுதியதில்தான் கோபம்.

பாண்டிச்செல்வி வந்தது அப்படி ஒரு காலையில்தான். இளையாத்தங்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். உயரமான பெண், நிமிர்ந்த நடை. இடது காதில் பஞ்சு. கூட அவள் கணவன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவளுடைய அம்மா காளியம்மாள் கையில் ஒரு ஒயர் கூடையோடு பின்னால். மருத்துவரின் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு வாசல்தான், திரை மட்டும் தொங்கும். அங்கே பேசுவது எனக்குக் கேட்கும்.

“சொல்லுங்க தம்பி, என்ன ஆச்சு?”

“காதுல சீழ் வடியுதுங்க டாக்டர். இவளுக்குச் சின்ன வயசிலயே உள்ள தொந்தரவு. கல்யாணத்துக்கு முன்னாடி எங்ககிட்டச் சொல்லலை. நானும் பெருசு பண்ணலை.”

“அப்படியா தாயி?” என்று அவர் கேட்டது காளியம்மாளிடம்.

“ஆமாங்கய்யா. சின்னப் புள்ளையிலேயே வடியும்.”

பாண்டிச்செல்வியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ‘இடது காது, நாள்பட்ட சீழ்’ என்று எழுதிய சீட்டோடு என்னிடம் அனுப்பினார். கணவன் மற்ற புருஷன்மாரைப் போலவே வெளிக்கதவில் நெற்றியை வைத்தான்.

வலது காது அருமையான காது. நான் இறக்கிய கடைசி ஒலிவரை விளக்கு எரிந்தது. நீலப் பக்கத்துக்கு மாறியதும் விளக்கு நின்றுவிட்டது. ஏற்றி, ஏற்றி, பிறகுதான் எரிந்தது. முடித்துவிட்டு என் கேள்வியைக் கேட்டேன். பட்டன் விஷயத்தையும் சொன்னேன்.

விளக்கு எரிந்து அணைய ஆரம்பித்தது.

“அவுகதான் அடிச்சாக. போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதியிருந்தேங்க. ஓட்டம், நீளம் தாண்டுறது எல்லாத்துலயும் தேறிட்டேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும், ‘ஊரே வேடிக்கை பாக்க ஓடிட்டு வந்தியா’ன்னு கேட்டாக. வாயத் தொறக்குறதுக்குள்ள அடி விழுந்துருச்சு.”

“அம்மா பழைய சீழ்னு சொல்றாகளே?”

“குடும்பம் கெட்டுரக் கூடாதுன்னு சொல்லுது. எண்ணெய் ஊத்துனதும் அதுதான். அக்கா, அடுத்து மெடிக்கல் இருக்கு. காதுக்கு எங்க வைத்தியம் பாத்தன்னு சீட்டு கேப்பாக. இந்த வருஷத்தோட எனக்கு வயசு முடியுது. பழைய சீழ்னு எழுதியிருந்தா என்னை எடுப்பாகளா?”

எடுக்க மாட்டார்கள். அதைச் சொன்னேன். நாள்பட்ட காது நோய் என்றால் தகுதியில்லை என்று முடிந்துவிடும். சமீபத்து அடி என்றால், ஆறிய பிறகு வா என்று தவணை கொடுக்க இடமுண்டு.

“டாக்டர்கிட்டயும் அம்மாகிட்டயும் நான் சொல்லட்டுமா? நீங்க வேணாம்னா சொல்ல மாட்டேன்.”

“சொல்லுங்கக்கா. இங்குட்டும் போக முடியல, அங்குட்டும் போக முடியல. யாராவது சொன்னாத்தான் உண்டு.”

கணவனை மருந்துக் கவுன்ட்டருக்கு அனுப்பினேன். அங்கே எப்போதும் கூட்டம். சோதனைத் தாளோடு டாக்டரின் அறைக்குப் போனேன். கை துடைத்துக்கொண்டிருந்தார்.

“சார், அந்தப் பாண்டிச்செல்விக்குப் பழைய சீழ் இல்ல சார்.”

“தெரியும்மா.”

சோதனைத் தாளை அவர் மேசையில் வைத்தேன்.

“மேல் ஓரத்துல ரத்தப் பொட்டு காஞ்சு ஒட்டியிருக்கு. ஓரம் பிஞ்சிருக்கு. அடிதான். அதுக்கு மேல எண்ணெய ஊத்திக் கெடுத்திருக்காக” என்றார். வானிலை சொல்வதுபோலச் சொன்னார்.

“தெரிஞ்சா ஏன் சார் அப்படி எழுதுனீக?”

“புருஷன் சொல்றாரு, பெத்த தாய் சொல்றாக. அந்தப் புள்ள வாயே தொறக்கல. சொல்றதைத்தானே எழுத முடியும்? நான் காதுக்கு டாக்டர்மா, குடும்பத்துக்கு இல்ல.”

“அந்தப் புள்ளகிட்ட நீங்க கேக்கவே இல்லையே சார். அதுக்கு இந்தச் சீட்டாலதான் வேலை போகப் போகுது.”

துண்டை மடித்து வைத்தார். “அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொல்லும்மா” என்றார்.

தெரியாமல் செய்தவர்மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. காளியம்மாள் தெரியாமல் எண்ணெய் ஊற்றினார். இவர் எல்லாம் தெரிந்து, புனலைச் சூடாக்கி, மரியாதையாக ஊற்றினார்.

வளவுக்கு வந்தேன். காளியம்மாள் அந்தச் சுவரொட்டிக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மகள் சொல்லச் சொன்னதாகச் சொல்லி, விஷயத்தைச் சொன்னேன்.

“பழைய சீக்குன்னா யாரு மேலயும் குத்தமில்லாமப் போயிரும்னு நெனச்சேன் தாயி” என்றார். “அதுக்கும் போலீஸ் வேலைக்கும் என்ன சம்பந்தம்?”

“காது பழைய நோய்னு எழுதுனா வேலை கிடையாது.”

“எப்பவுமேவா?”

“வயசு முடியுதுல்ல. எப்பவுமேதான்.”

அவர் கூடையைப் பெஞ்சில் வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். டோக்கன் கூப்பிடும் பையனைத் தாண்டி, உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த இன்னொரு நோயாளியைத் தாண்டி, நேராக டாக்டரின் மேசைக்கு எதிரே போய் நின்றார். நான் பின்னாலேயே போனேன். பாண்டிச்செல்வியும் வந்துவிட்டாள். மருந்துப் பையோடு கணவனும் வாசலில் வந்து நின்றான்.

“டாக்டரய்யா, நான் பொய் சொல்லிப்புட்டேன். எம்புள்ள காதுல சின்ன வயசுல ஒரு எறும்புகூடப் போனதில்ல. அந்தா நிக்கிறாருல்ல எங்க மாப்பிள்ளை, அவரு அடிச்சாரு. பூண்டெண்ணெய் காய்ச்சி ஊத்துனது நானு. ரெண்டையும் எழுதுங்க.”

“அத்தை, என்ன பேசுறீக? வெளிய வாங்க” என்றான் கணவன். பிறகு டாக்டரைப் பார்த்துச் சிரித்தான். “வீட்டுல சின்ன வாக்குவாதம் சார். கை லேசாப் பட்டுருச்சு. போலீஸாகப் போறவ மொதக் கேஸே புருஷன் மேலதான் போடணுமா? நல்லாருக்கு ஞாயம்.”

“கேஸ் போடுறதுக்கு மொதல்ல வேலைல சேரணும்ல” என்றாள் பாண்டிச்செல்வி. அன்று அவள் எல்லோர் முன்னாலும் பேசிய முதல் வாக்கியம் அதுதான். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நோயாளி சிரித்துவிட்டார்.

டாக்டர் நெற்றிக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கணவனை வெளியே போகச் சொன்னார், ஸ்டூலில் இருந்தவரையும் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார். நாற்காலியைத் திருப்பிப் பாண்டிச்செல்வியின் முகத்தைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் ஒரு பெண்ணிடம் அதைக் கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

“நீ சொல்லு தாயி. என்ன நடந்துச்சு?”

அவள் சொன்னாள். அவர் எழுதினார். கணவர் கையால் அடித்ததாக நோயாளி கூறுகிறார், காயம் அதற்குப் பொருந்துகிறது, சமீபத்தியது, ஆறக்கூடியது. விதிப்படி காவல் நிலையத்துக்குத் தகவல் போனது. பாதுகாப்பு அலுவலருக்கு நான் சொன்னேன். எல்லாம் சேர்ந்து ஆன நேரம், ஒருவர் ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம். அவ்வளவுதான் தேவைப்பட்டது. அந்த நேரத்தைத்தான் அத்தனை வருஷமாக மிச்சம் பிடித்தோம்.

அடுத்த டோக்கன் கூப்பிட்டார்கள். ஒரு பெண் வந்தாள், கூட அவள் கொழுந்தன். டாக்டர் கை கழுவி, விரல் விரலாகத் துடைத்து, நெற்றிக் கண்ணாடியை மாட்டி, அவள் காதைப் பார்த்தபடியே கொழுந்தனிடம் கேட்டார்:

“சொல்லுங்க தம்பி, என்ன ஆச்சு?”

பாண்டிச்செல்வியின் சீழ் மருந்தில் வற்றியது. ஜவ்வு மூட நாளானது, ஆனால் மூடியது. மருத்துவக் குழு தவணை கொடுத்து, மறுபடி பார்த்து, எடுத்துக்கொண்டது. இப்போது வேறு மாவட்டத்தில் காவலர். காளியம்மாளும் அவளோடுதான் இருக்கிறார். கணவன் வீட்டார் பெரிய மனிதர்களை வைத்துப் பேசிச் சமாதானமாகப் போகக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. எப்போதாவது என்னை அழைப்பாள். “இடது காதுல வச்சுத்தான் பேசுறேன்க்கா” என்பாள்.

இதைக் கேட்கிறவர்கள் “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே” என்கிறார்கள். எனக்கு அங்கேதான் பற்றிக்கொண்டு வருகிறது. அவளுக்கு ஒரு வேலை காத்திருந்தது. அந்த வேலைக்கு உண்மை எழுதிய சீட்டு தேவைப்பட்டது. அதனால் ஒரு தாய் கத்தினார், ஒரு மருத்துவர் எழுதினார். பரீட்சை எழுதாத பெண்ணின் காதுக்கு என்ன தேவை இருக்கிறது? கொத்தமங்கலத்திலிருந்து வந்த ஒரு சமையல்காரப் பெண்ணுக்கு, கைப்பிள்ளையை வெளியே விட்டுவிட்டு வந்து பட்டனை அமுக்கிய இன்னொருத்திக்கு, எந்த மருத்துவக் குழுவும் சீட்டு கேட்கவில்லை. அவர்கள் காதில் இன்றுவரை ‘பழைய சீழ்’தான். உண்மையைப் பெறுவதற்கு ஒரு பெண் போலீஸ் வேலைக்குத் தேர்வாகியிருக்க வேண்டும் என்றால், அது மருத்துவமனையா?

ரம்யாவுக்கு எழுதித் தருவதற்கு முன் புதுக் கட்டடத்தைப் பார்த்துவிடலாம் என்று போன வாரம் பஸ் ஏறிப் போனேன். பளபளப்பான தரை, ஏசி. வரிசைக்கு நடுவே ஒரு வட்ட மேசை, அதன்மேல் டேப்லெட். சோதித்துப் பார்ப்பதற்காக முன்கூட்டியே போட்டு, ரம்யாவையும் அங்கே உட்கார வைத்துவிட்டார்களாம். பழைய உள்ளறை ஹோட்டலில் குளியலறை ஆகப் போகிறது என்று அங்கே ஒருவர் பெருமையாகச் சொன்னார்.

மேசையருகே ஒரு பெண், இருபத்திரண்டு வயது இருக்கலாம். பக்கத்து நாற்காலியில் அவள் கணவன், முழங்கை அதே மேசையில். ரம்யா அவளிடம் ஹெட்போனை நீட்டினாள். கையில்தான் கொடுத்தாள், நான் சொன்னதை மறக்கவில்லை. பெண் மாட்டிக்கொண்டாள். நீலப் பக்கம் ஒலி போனது. பெண்ணின் கண் தரையில் இருந்தது.

“கேக்குதாம்மா?” என்றாள் ரம்யா.

“கேக்குதுங்க” என்றான் கணவன்.

ரம்யா என்னைப் பார்த்தாள். நான் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

“எந்திரிங்க தம்பி. அங்குட்டுப் போயி நில்லுங்க. காது அவங்களுது, அவங்க சொல்லட்டும்.”

“நீங்க யாரு?”

நல்ல கேள்வி. எனக்கு இப்போது அங்கே எந்தப் பதவியும் இல்லை.

“யாருமில்ல. எந்திரிங்க.”

முணுமுணுத்துக்கொண்டே எழுந்தான், தூணோரம் போய் நின்றான். அவன் பார்வை மட்டும் மேசையிலேயே இருந்தது. அந்தப் பெண் நிமிரவே இல்லை. அவன் பார்வைக்கு முதுகைத் திருப்பிப் போட அங்கே நாற்காலிக்கு இடமில்லை, மூடக் கதவும் இல்லை. என் கேள்வியைக் கேட்க வாயெடுத்தேன். கேட்காமலே திரும்பி வந்தேன்.

கமிட்டி ஐயாமாரே, இதுதான் நீங்கள் கேட்ட அரைப் பக்கம். எனக்குக் கம்பளம் வேண்டாம், பஞ்சுப் பலகை வேண்டாம், டேப்லெட்டையே வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சுவரும் உள்ளிருந்து தாழ் போடும் ஒரு கதவும் கட்டிக் கொடுங்கள். அந்தப் பெண் அடுத்த வாரம் மறுபடி வருகிறாள். ரம்யா அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.